பின்தோளுக்கு ஓர் ஆள்

தோளுக்குப் பின்பக்கம் தனியாக ஒரு சதை இருக்கிறது என்பது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். தெரியாமலே காலம் தள்ளியிருக்கலாம். உடம்பில் ஓர் இடத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொல்கிறார்கள் என்றால், அந்த இடம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அர்த்தம். நன்றாக வேலை செய்கிற எதையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் கம்பெனியில் என்னையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

கம்பெனி என்றால் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட். மின்கம்பத்தில் கம்பியைக் கட்டுவதற்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்துகொண்டிருந்தோம். பக்கத்து ஷெட்டில் பொம்மை, அதற்கடுத்த ஷெட்டில் ஊறுகாய் ஜாடி. செராமிக் என்றால் எல்லோரும் பொம்மையைத்தான் நினைப்பார்கள். இன்சுலேட்டரை யாரும் வாங்கி ஷோகேஸில் வைப்பதில்லை. என் வேலை பலகை தூக்குவது. ஈரம் காயாத உருப்படிகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, பலகையை வலது தோளில் ஏற்றி, காயவைக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ந்த பிறகு அதே மாதிரி சூளைக்கு. பச்சை உருப்படி விரல் பட்டாலே பள்ளமாகிவிடும். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கால் தடுக்கினால்கூட முதலில் பலகையைத்தான் காப்பாற்றுவோம், அப்புறம்தான் எங்களை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அந்த வருடம்தான் என் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு அவளுடைய அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். திட்டக்குடி பக்கத்தில் அவர்கள் ஊர். வளையல் போட்டு, கலந்த சோறு கட்டி, வேன் வைத்துக்கொண்டு வந்து அழைத்துப் போனார்கள். வேனில் ஏறும்போது அவள் என்னிடம், "தண்ணி சொம்பு மூடி வையுங்க, பல்லி வுழுது" என்றாள். குழந்தையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில் எனக்கு ஞாபகம் இருப்பது எதுவும் இல்லை. பல்லிதான் ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாள் காலையில் கம்பெனி ஆபீஸுக்கு போன் வந்தது. பிறந்தது, ஆனால் அழவில்லை. அவ்வளவுதான் சொன்னார்கள். பெண்ணாடம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் மாமனார் ஆஸ்பத்திரிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் மண்.

"முடிச்சிட்டோம் மாப்ள. வெயிலு ஏறுறதுக்குள்ள செஞ்சிடணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "பொண்ணு" என்றார்.

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அழாமல் பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். காட்டினால் மனசில் நின்றுவிடும் என்பார்கள். தகப்பனுக்காகக் காத்திருக்கவும் மாட்டார்கள். தாத்தாவோ தாய்மாமனோ துணியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குச் சடங்கு கிடையாது, பெயர் கிடையாது, அதைப் பற்றிப் பேச்சும் கிடையாது. பேசினால் அடுத்தது தங்காது என்பார்கள். வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை, அதில் அதுதான் வசதி.

உள்ளே அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரிந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வருகிறதா என்று சுற்றியிருந்தவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை. பசித்தது. வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டேன். சால்னா நன்றாக இருந்தது. சால்னா நன்றாக இருந்தது என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போய்விட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம், "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பெற்றவளை மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ தாய்வீட்டார் சீரோடு கொண்டுவந்து விட வேண்டும். பிள்ளைக்குக் கொலுசு, தொட்டில், பால் சங்கு என்று ஒரு வண்டி நிறைய வரும். இந்தப் பக்கம் வாசலில் ஆரத்தி எடுப்பார்கள். இதெல்லாம் பிள்ளை இருந்தால். பிள்ளை இல்லாமல் போனால் எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. வெறுங்கையோடு எப்படிக் கொண்டுபோய் விடுவது என்று அவர்கள் கூச்சப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்து விட வேண்டியவளை நாமாகப் போய்க் கூப்பிட்டால் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே என்று நான் யோசித்தேன். எனக்கு அப்பா அம்மா இல்லை. வேப்பூரில் கட்டிக்கொடுத்த அக்காதான் பெரியவள். அவள், "நீயா போவாத. அவங்கதான் கொண்டாந்து வுடணும், அதான் மொற" என்று முடித்துவிட்டாள். மூன்றாம் மாதம் போனது. ஐந்தாம் மாதமும் போனது. இரண்டு வீட்டிலும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. மரியாதையாக இருந்தே ஒரு குடும்பத்தை முறித்துவிட முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் விழுந்தேன். மண் குழம்பு சிந்தி ஷெட் தரை எப்போதும் வழுக்கும். பலகையோடு வந்துகொண்டிருந்தவன் கால் சறுக்கினேன். பலகை பின்பக்கமாகச் சரிந்தது. விட்டிருக்கலாம். விடவில்லை. கை பலகையோடு பின்னால் போய்த் தோள் கழன்றுகொண்டது. பலகையில் இருந்த உருப்படி ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஓடிவந்த முதலாளி முதலில் பலகையைத்தான் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் பலகையைத்தான் பார்த்தேன். வலித்தது. ஆனால் பக்கத்து வீட்டில் யாருக்கோ வலிக்கிற மாதிரி வலித்தது.

நாட்டு வைத்தியர் ஒருவர் இழுத்துப் பொருத்தி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டுவிட்டார். கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வாசலில் நிழல் தெரிந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு பை. யாரும் கூட வரவில்லை. தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"கை என்னாச்சி?" என்றாள்.

"வழுக்கி வுட்டுடுச்சி."

"கொழம்பு எங்க வாங்குனது?"

"கடையில."

உள்ளே போய்ப் பையை வைத்துவிட்டு அரிசி களைய ஆரம்பித்தாள். இவ்வளவுதான் நடந்தது. ஆரத்தி இல்லை, சீர் இல்லை, சண்டையும் இல்லை. போனில் அக்கா குதித்தாள். என் மாமியார் அழுதாள். முறைப்படி வராமல் ஒரு பெண் தானாகப் புருஷன் வீட்டுக்கு வந்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று இரண்டு பக்கமும் குழம்பிப்போனார்கள். கடைசியில் மாமனார், "கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும். நானே வந்து கூட்டிக்கிறன்" என்று சொல்லி அனுப்பினார். இப்படி வந்தது செல்லாது, மறுபடி அழைத்துப்போய் அப்புறம் பார்க்கலாம் என்பது அதன் பொருள். அப்புறம் என்று ஒன்று வராது என்பது எனக்குத் தெரியும். இந்த முறை போனால் அவள் திரும்ப மாட்டாள். அதைப் பற்றி எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. தண்ணி, உப்பு, கரண்டு போச்சி, கரண்டு வந்துச்சி. நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒற்றை அறை வீட்டில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடுவது அவ்வளவு சுலபமில்லை. நாங்கள் அதில் நன்றாகத் தேறிவிட்டோம்.

கட்டுப் பிரித்தபோது வலது கை கயிறு மாதிரி தொங்கியது. முன்னால் கொஞ்சம் தூக்க முடிந்தது, பக்கவாட்டில் முடியவில்லை. ஒரு சொம்பைப் பின்னால் வைக்கத் திரும்பினாலே தோள் கழன்றுவிடுகிற மாதிரி இருந்தது. கை சரியானால்தான் வேலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோதெரபி ரூமில் இருந்த அம்மா என்னைச் சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னார்.

"முன்பக்கச் சதை எல்லாம் பலகை தூக்கித் தூக்கி நல்லாத்தான் இருக்கு. பின்தோள்ல ஒண்ணுமே இல்ல. முன்னால இருந்து இழுக்க ஆளிருக்கு, பின்னால இருந்து பிடிக்க ஆளில்ல. மறுபடி கழலும்" என்றார்.

குனிந்து நிற்க வேண்டும், முதுகு தட்டையாக இருக்க வேண்டும், இரண்டு கையிலும் டம்பிள்ஸ் தொங்க வேண்டும், முழங்கையை லேசாக மடக்கிக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு விரிக்க வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும். இதுதான் வைத்தியம். இதற்கு ஏன் படித்தார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துச் செய்யச் சொன்னார். செய்தேன்.

"கழுத்தால தூக்குறீங்க. தோள் காதுக்கிட்ட போகுது."

"இல்லிங்களே."

"உங்களுக்குத் தெரியாது. அது உங்க கண்ணுக்குத் தெரியாத இடம். பின்னால நின்னு பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். இல்லன்னா தப்பாவே செஞ்சி இன்னும் கெடுத்துக்குவீங்க. வீட்ல யாரு இருக்காங்க?"

"இருக்காங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவளைக் கேட்பதற்குப் பதில் ஜிம்முக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். எல்லாம் ஒரு வீம்புதான். கடைத்தெருவில் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, ஆஞ்சநேயர் படம், வியர்வை நாற்றம். காலேஜ் பையன்கள் வரிசையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மார்பையும் புஜத்தையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை தூக்கிய பிறகும் பனியனை விலக்கிப் பார்த்துக்கொண்டார்கள், ஏதோ ஒரே நிமிடத்தில் முளைத்துவிட்ட மாதிரி. பின்தோளுக்குச் செய்ய வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கு யாரும் வர்றதில்லியே. கண்ணாடியில தெரியாது பாரு. தெரியாத எடத்துக்கு யாரு காசு குடுத்து ஒழைப்பாங்க?" என்றார்.

பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். டம்பிள்ஸை நானே செய்துகொண்டேன். எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ரிஜெக்ட் ஆன இன்சுலேட்டர்கள் குவிந்து கிடக்கும். நடுவில் துளை, இடுப்பு ஒடுங்கிய உருளை. மேலே பூசிய பளபளப்பு சூளையில் சரியாக ஓடாமல் திட்டுத்திட்டாக நின்றுபோனது, மயிரிழைக் கீறல் விட்டது, இப்படி. இரும்புக் கம்பி ஒன்றில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கோத்து நட்டு போட்டு முடுக்கி, பிடிப்பதற்கு நடுவில் சைக்கிள் ட்யூபைச் சுற்றினேன். வேண்டியபோது இன்னொன்றைக் கோத்து எடையைக் கூட்டிக்கொள்ளலாம். கூட வேலை செய்கிறவர்கள், "ஹீரோ ஆவப் போறியா? கரண்டு கம்பத்தயே தூக்குவ போல இருக்குதே" என்று கலாய்த்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துச் சொன்னேன். "பின்னால நின்னு பாக்க ஒரு ஆளு வேணுமாம். தோளு மேல போவுதான்னு."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்றேன். கைகளை விரித்தேன். பின்னாலிருந்து சத்தமே வரவில்லை.

"பாக்குறியா?"

"பாக்குறன்." கொஞ்சம் கழித்து, "வலது பக்கம் தனியா எழும்புது" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று உடனே போய்விட்டாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

மறுநாள் நான் கூப்பிடாமலே வந்து நின்றாள். அதற்கப்புறம் தினம் சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் இது ஒரு வேலையாகிவிட்டது. நான் குனிந்து சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பின்னால் நின்றுகொண்டு, "காதுக்கிட்ட போவுது", "எறக்குங்க", "எடது ஒழைக்குது, வலது சும்மா கூட வருது" என்று சொல்வாள். நாளாக ஆக அதிகாரம் கூடியது. "மெதுவா எறக்கணும்னாங்க, நீங்க போடுறீங்க" என்பாள். இன்சுலேட்டர்கள் கம்பியில் லேசாக இடித்து ணங் என்று சத்தம் கொடுக்கும். சில நாட்களில் கட்டிலில் குப்புறப் படுத்து ஒற்றைக் கையைத் தொங்கவிட்டுத் தூக்குவேன். அப்போதும் அவளுக்கு என் முதுகுதான்.

முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அவளுக்கு என் முதுகோடு பேச வந்தது. முதலில் பால்காரன், பக்கத்து வீட்டுச் சண்டை. அப்புறம் ஒரு நாள், "அங்க எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சோறு துன்னாலும் பாக்குறாங்க, சிரிச்சாலும் பாக்குறாங்க. அதான் கெளம்பி வந்துட்டன்" என்றாள். இங்கே பார்க்க ஆள் இல்லை என்பதால் வந்திருக்கிறாள். இதில் நான் சந்தோஷப்பட வேண்டுமா வருத்தப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டும் படவில்லை.

இன்னொரு நாள் கைகளை விரித்து நிறுத்தியிருந்தபோது கேட்டாள். "ஏன் நீங்க கூப்ட வரல?"

"நீங்க கொண்டாந்து வுடுவீங்கன்னு இருந்தன்."

"நாங்க நீங்க வருவீங்கன்னு இருந்தோம்."

இறக்கலாமா என்று காத்திருந்தேன்.

"இன்னும் ரெண்டு" என்றாள்.

தோளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்தது. எனக்குத் தெரியாது, அவள்தான் சொன்னாள். ஒரு நாள் சொல்லும்போது, "இங்க" என்று வலது தோள்பட்டைக்குக் கீழே விரலை வைத்தாள். அவள் என்னைத் தொட்டு எவ்வளவோ மாதங்கள் ஆகியிருந்தன. விரல் அங்கேயே நின்றது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அப்புறம் சட்டென்று எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். நான் போய் என்ன என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்களுக்குள் விட்டுப்போயிருந்தது.

சில நாள் கழித்து, குனிந்திருந்தபோதுதான் சொன்னாள். "ஞாயித்துக்கெழம அப்பா வராரு. கூட்டிக்கிட்டுப் போவ."

"நீ என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அன்றைக்கு எனக்கு என்னவோ ஆனது. பயம் என்று அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது, அவ்வளவு நாளாகிவிட்டிருந்தது. இவள் போய்விடுவாள். போய்விட்டால் என் முதுகுக்கு ஆள் இருக்காது. முதுகுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வார்த்தை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், பையில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. விவசாயம் பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். மழை பற்றிக் கேட்டேன். பரவாயில்லை என்றார். காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கெளம்பும்மா. ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சிடலாம்" என்றார்.

"அவரு எக்சசைஸு முடியட்டும்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே செய்துவிடுவது வழக்கம். ஆனால் மாமனார் முன்னால் சட்டையைக் கழற்றி நிற்பது எப்படி? நான் தயங்கினேன். "செய்ங்க" என்றாள். அதில் இருந்த ஏதோ ஒன்றுக்காகக் கழற்றினேன்.

"இது கரண்டு கம்பத்துல இருக்கறதாச்சே மாப்ள" என்றார் மாமனார், இன்சுலேட்டரைப் பார்த்து.

"ஆமாங்க மாமா."

குனிந்தேன். எனக்கு முன்னால் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. பித்தவெடிப்பு, நகத்தில் வயல் மண். பின்னால் அவள். கைகளை விரித்தேன், இறக்கினேன். மறுபடி விரித்தேன். அப்போது பின்னாலிருந்து கேட்டாள். என்னை இல்லை.

"அப்பா, பாப்பா மூஞ்சி எப்டி இருந்துச்சி?"

எனக்கு முன்னால் இருந்த பாதங்கள் அசையவில்லை.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றார்.

"எனக்குக் காட்டல. நர்ஸம்மா தலகீழா புடிச்சி முதுவுல தட்டுனாங்க. அழுவுல. திருப்பித் திருப்பித் தட்டுனாங்க. எனக்கு முதுவு மட்டுந்தான் தெரிஞ்சிது. அப்பறம் துணியச் சுத்தி வெளிய எடுத்துக்கினு போயிட்டாங்க." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "தோளுக்குக் கீழ வலது பக்கம் ஒரு குழி. இதோ இவருக்கு இருக்குதே, அதே மாதிரி. தோளு மேல பூன முடி. தெனம் இவரு முதுவப் பாக்கறப்ப அதத்தான் பாக்குறன். முதுவு தெரியும்பா எனக்கு. மூஞ்சி தெரியாது. நீங்கதான கையில வாங்குனீங்க."

நான் கைகளை விரித்தபடியே நின்றிருந்தேன். இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பின்தோளில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அது என்னுடைய வலியாகவே இருந்தது, பக்கத்து வீட்டு வலியாக இல்லை.

மாமனாரின் வலது பாதம் மெல்லப் பின்னுக்குப் போய் இடது பாதத்தின் மேல் ஏறிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் வாத்தியார் முன்னால் நிற்பார்களே, அந்த மாதிரி. அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்.

"கண்ணு மூடித்தான் இருந்துச்சி. தூங்கற மாதிரிதான். நெத்தி மாப்ள நெத்தி, அகலமா. வாயி சின்னது. கன்னத்துல ஒரு பக்கம் மாவு மாதிரி வெள்ளையா ஒட்டிக்கினு இருந்துச்சி. துண்ட நனைச்சி தொடச்சி வுட்டன். தொடச்சிட்டுத்தாம்மா வச்சன். அப்டியே வைக்கல."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"முடி இருந்துச்சா மாமா?" என்று யாரோ கேட்டார்கள். நான்தான்.

"இருந்துச்சி மாப்ள. கருகருன்னு. காதை மூடிக்கினு இருந்துச்சி."

"மூக்கு?"

"மூக்கு இவ மூக்கு. அப்டியே இவ பொறந்தப்ப இருந்த மாதிரி. நுனியில கொஞ்சம் சப்பையா." இதைச் சொல்லும்போதுதான் அவர் உடைந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. பாதங்கள் தரையிலிருந்து எழும்பி மறுபடி தரையில் விழுந்தன. அந்த மனிதர் எட்டு மாதமோ ஒன்பது மாதமோ அந்த முகத்தைத் தனியாக வைத்துக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார். அவளிடம் முதுகு இருந்திருக்கிறது. என்னிடம் ஒன்றுமே இல்லை, ஒரு செய்தியைத் தவிர. இப்போது முன்னாலிருந்து நெற்றியும் கன்னமும் முடியும் வந்தன, பின்னாலிருந்து தோளும் குழியும் பூனை முடியும் வந்தன. இரண்டும் சேர்ந்தன. எனக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறந்த அதே மூச்சில் செத்தும் போனாள். அவ்வளவு காலம் வராதது எல்லாம் ஒரேயடியாக வந்தது. குனிந்தே இருந்ததால் மூக்கிலும் வாயிலும் ஒழுகித் தரையில் விழுந்தது.

"எறக்குங்க" என்றாள் அவள். "மெதுவா."

மெதுவாக இறக்கினேன். தரையில் வைத்தேன்.

ரெண்டு மணி பஸ்ஸுக்கு மாமனார் தனியாகத்தான் போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது, கிளம்பச் சொல்லி அவளைக் கூப்பிடவில்லை. என் கையைப் பிடித்து, "பாத்துக்குங்க மாப்ள" என்றார். அவளையா, தோளையா என்று சொல்லவில்லை. மல்லாட்டைப் பையை மறந்துபோய் எடுத்துக்கொண்டு போய்ப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அவள் வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். நான் வெளியே நின்றிருந்தேன். திரும்பினேன். அவள் வந்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம். வெயில் அதன் மேல் விழுந்திருந்தது.

"என்னா பாக்குறீங்க?" என்றாள்.

"மூக்கு" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். நான் பார்த்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.